ஒரு சொட்டுப் பழுப்பு

எல்லோரும் ஒரு வேலையை முடித்துக் காட்டுவதாகச் சபதம் செய்வார்கள். நான் ஒரு வேலையை முடிக்காமல் காட்டுவதாகச் சபதம் செய்தேன்.

முடிப்பதற்குத்தானே உழைப்பு வேண்டும், முடிக்காமல் இருக்க என்ன வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். கல்யாணம் ஆனவர்கள் கேட்கமாட்டார்கள். மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு வேலையை முடிக்காமல் வைத்திருப்பது, பூனையைக் காவல் வைத்து மீனைக் காயப்போடுவது மாதிரி.

வேலை இதுதான். என் மகனுடைய அறையை அப்படியே சின்னதாகச் செய்வது. அடிக்கு அரை அங்குலம் கணக்கு. மொத்த அறையும் ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கிவிடும். கட்டில் என் நடுவிரல் நீளம். மேசை, நாற்காலி, ஜன்னல் கம்பி, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் சட்டை, எல்லாம் செய்தாகிவிட்டது. சுவர் நிறம் மட்டும் பாக்கி.

மகன் இல்லை. வேலை முடிந்து வண்டியில் வந்துகொண்டிருந்தவன் மேல் லாரி ஏறிவிட்டது. இதற்கு மேல் எனக்கு எழுத வராது.

சின்னச் சின்னக் கார், கப்பல், விமானம் ஒட்டி அவற்றுக்குப் பெயிண்ட் அடிப்பது அவனுடைய பைத்தியம். கூர்மூக்கு வைத்த அக்ரிலிக் குப்பிகள் அவன் மேசையில் வரிசையாக இருந்தன. அழுத்தினால் ஒரு சொட்டு விழும். எனக்கு அது புதிதில்லை. தலை நரைக்கும் வரை டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்து மருந்து கலந்தவன் நான். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. சொட்டு எண்ண அது போதும். அவன் போன பிறகு குப்பிகள் காய்ந்து வீணாகக் கூடாது என்று உட்கார்ந்தேன். அப்படி ஆரம்பித்ததுதான் இந்தப் பெட்டி.

முடிக்கக்கூடாது என்ற எண்ணம் முதலில் எனக்கு இல்லை. என் மனைவியின் தங்கை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட பிறகுதான் வந்தது.

அவளை நான் சின்னவள் என்றுதான் சொல்வேன். தனிக்கட்டை. எலும்பு உடைந்தது. வாய் உடையவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்களால் ஆனதைச் செய்துவிட்டோம், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எந்த வீட்டில்?

"ஏங்க, தங்கச்சியை எங்க படுக்க வைக்கறது?" என்றாள் மனைவி.

"பார்க்கலாம்."

"பார்த்துக்கிட்டேதான் இருக்கோம். நம்ம ரூம்ல நம்ம ரெண்டு பேருக்கே திரும்பிப் படுக்க இடமில்ல. ஹால்ல படுக்க வெச்சா போற வர்றவன் கால் எல்லாம் அவ மேலதான். அந்த ரூம்தான் இருக்கு."

அந்த ரூம். அவளும் அதற்குப் பெயர் சொல்வதில்லை.

"பெட்டி முடியட்டும்," என்றேன். "அசலைக் கலைச்சுட்டா நகலை எதைப் பார்த்துச் செய்யறது?"

"அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே?"

"சுவர்?"

"சுவர்னா நாலு சுவர்தானே? நாளைக்கு அடிச்சுடுங்க."

"பெயிண்ட் அடிக்கறது என்ன, பல் தேய்க்கறதா? நிறம் பொருந்தணும்."

"பொருந்தினா?"

"பொருந்தின நிமிஷமே ரூமை நீ எடுத்துக்கோ. அதுவரைக்கும் உள்ள இருக்கற ஒரு சாமானையும் யாரும் தொடக்கூடாது."

"பேச்சு மாறமாட்டீங்களே?"

"நான் எப்போ மாறியிருக்கேன்?"

"மாறினதில்ல. அதுதான் உங்க வியாதியே. சரி, பொட்டிச் சுவரும் ரூம் சுவரும் ஒரே நிறமா ஆகணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

நியாயமான கோரிக்கையை நேராக மறுக்க முடியாது. நிபந்தனை போட்டுத்தான் மறுக்க வேண்டும்.

அந்தச் சுவர் ஒரு காலத்தில் இளம்பச்சை. வெயில் தின்றது போக, தூசி தின்றது போக மிச்சமிருப்பது ஒரு நிறம். வெள்ளை எட்டுச் சொட்டு, பச்சை இரண்டு, மஞ்சள் ஒன்று, ஊசி முனையில் தொட்ட கறுப்பு. நன்றாகக் கலந்து, பால் பதத்துக்கு இளக்கி, அட்டைத் துண்டில் மெல்லிசாக இரண்டு பூச்சு. காய்ந்ததும் கொண்டுபோய்ச் சுவரில் வைத்தேன். துண்டைக் காணவில்லை. என் விரல் மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவ்வளவு பொருத்தம்.

எனக்கு உடம்பு வியர்த்துவிட்டது. வெளியே எட்டிப் பார்த்தேன். சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம். அந்தத் துண்டைக் கிழித்து வாயில் போட்டு மென்றேன். ஆமாம், மென்றேன். அப்புறம் கிண்ணத்தில் மிச்சமிருந்த கலவையில் ஒரு சொட்டுப் பழுப்பை விட்டுக் கலக்கினேன். சாக்கடைப் பக்கம் போய் நின்ற மாதிரி ஆயிற்று நிறம்.

"பொருந்திச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ச்சே. இல்லை."

அன்றிலிருந்து அதுதான் தொழில். காலையில் கலப்பேன். பொருந்தும்போல் இருந்தால் ஒரு சொட்டுப் பழுப்பு. அவள் வந்து நிற்பாள்.

"இது நல்லாத்தானே இருக்கு?"

"ஈரத்துல நல்லாத்தான் இருக்கும். அக்ரிலிக் காஞ்சா ஒரு படி கறுக்கும்."

"கல்யாணமான மாப்பிள்ளை மாதிரியா?"

"மேகமா வேற இருக்கு. இந்த வெளிச்சத்துல நிறம் பார்க்கக்கூடாது."

"நேத்து வெயில் அடிச்சுதே?"

"அந்த வெயில் ரொம்ப மஞ்சள்."

"அப்போ சூரியனை மாத்தச் சொல்லி எழுதிப் போடுங்க," என்று போய்விடுவாள்.

எதற்காக இவ்வளவு பித்தலாட்டம் என்றால், அறைக்காக மட்டும் இல்லை. கட்டில் தலைமாட்டுச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை இருக்கிறது. தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் பலகை வைத்துக்கொண்டு அவன் பெயிண்ட் அடிப்பான். சாய்ந்து சாய்ந்து விழுந்த கறை. அவன் இருந்த காலத்தில் அதற்காக அவனை நான் திட்டாத நாளில்லை. இப்போது அவன் உடம்பு பட்டு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். சின்னவள் வந்தால் தலையணை வைப்பாள், முதுகு தேய்ப்பாள், மருந்து எண்ணெய் தடவிக்கொண்டு சாய்வாள். கறை மேல் கறை விழும். அப்புறம் எது எவருடையது என்று யார் பிரிப்பது?

பெட்டியிலும் அந்தக் கறையை வைத்துவிடலாம் என்று பார்த்தேன். பழுப்பு ஒரு சொட்டு, தண்ணீர் பன்னிரண்டு. தண்ணீர் மிஞ்சிப்போனால் பெயிண்ட் திரிந்துவிடும். திரிந்த பால் மாதிரி திட்டுத் திட்டாக நிற்கும். அப்படித்தான் நின்றது. தண்ணீரைக் குறைத்து, இளக்குவதற்கென்றே அவன் வாங்கி வைத்திருந்த திரவத்தைச் சேர்த்தேன். பெட்டிச் சுவரில் பிடித்தது. கறை மாதிரியே இருந்தது. யாரோ ஒருவருடைய கறை. ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். திரும்பத் திரும்பச் செய்தேன், திரும்பத் திரும்பத் துடைத்தேன். நிறத்தில் பொய் சொல்ல எனக்கு வந்தது. கறையில் வரவில்லை.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அடுத்த வீட்டு பெயிண்டர் உள்ளே நுழைந்தான். ஊர் வீடுகளுக்கெல்லாம் வாளியில் பெயிண்ட் கலந்து அடிப்பவன். ஏணி மேல் நின்று பழகியதாலோ என்னவோ, தரையில் நின்றாலும் மேலேயிருந்து பேசுவதுபோல் சத்தமாகத்தான் பேசுவான்.

"அண்ணே! எதுக்கு இந்தப் பாடு? கடையில இப்போ ஒரு மிஷின் வந்திருக்கு. துண்டைக் காட்டினா அதே கலரைக் கக்கும்!"

பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"உன் பெயிண்ட் இதுக்கு ஆகாதுப்பா. அது கெட்டி. இங்க அடிச்சா ஜன்னல் கம்பி மூடிக்கும். கட்டில் காலும் சுவரும் ஒண்ணா ஒட்டிக்கும். கொசு மூக்குக்குச் சுண்ணாம்பு அடிக்கற கதைதான்."

"அதுவும் சரிதான். அது வீட்டுச் சுவத்துக்குன்னு வர்றது."

என் உயிர் திரும்பி வந்தது. மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "எந்தத் துண்டைக் காட்டினாலும் கொடுக்குமா தம்பி?"

"கிழிஞ்ச பனியனைக் காட்டினாலும் கொடுக்கும் அண்ணி!"

"பனியனே வேணாம். இவரோட மூஞ்சியைக் காட்டினா கொடுக்குமா?"

"மிஷின் பயந்துடும் அண்ணி."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தப்பித்த சிரிப்பு. யாரிடமிருந்து தப்பித்தோம் என்று பார்க்காமல் சிரித்துவிட்டேன்.

மறுநாள் என் அட்டைத் துண்டுகளை எண்ணினேன். அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். கடைசியாக அடித்த துண்டு இல்லை.

"இங்க ஒரு துண்டைக் காணோமே?"

"பெருக்கும்போது போயிருக்கும்."

"நான் டப்பாவுக்குள்ள வெச்சிருந்தேன்."

"அப்போ டப்பாவைப் பெருக்கியிருப்பேன்."

அவள் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. அந்த நிறத்தின் கணக்கு எனக்கு ஞாபகம் இருந்தது. கிண்ணத்திலும் கலவை மிச்சம் இருந்தது. விட்டுவிட்டேன்.

"நாளைக்குப் பகல்ல நீங்க ஆஸ்பத்திரிக்குப் போய் அவகிட்ட உக்காருங்க," என்றாள். "எனக்கு முட்டி வலி. படி ஏற முடியல."

"போறேன்."

"போறதுக்கு முன்னாடி கிண்ணத்துல இருக்கற பெயிண்டைப் பொட்டிச் சுவத்துல அடிச்சுட்டுப் போங்க. காயட்டும். பொருந்துதா இல்லையான்னு நானும் ஒருதரம் கண்ணால பார்த்துக்கறேன்."

எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். கிண்ணத்தில் இருந்தது பழுப்பு விட்ட கலவை. பொருந்தவே பொருந்தாது. காலையில் நாலு சுவருக்கும் மெல்லிசாக, தூரிகைத் தடம் தெரியாமல் அடித்தேன். பொய்யைக்கூட நான் சுத்தமாகத்தான் செய்வேன்.

சின்னவள் வார்டில் ஜன்னல் ஓரக் கட்டிலில் கிடந்தாள். முகம் பாதியாகியிருந்தது. பக்கத்துக் கட்டிலைச் சுற்றித் துணித் திரை போட்டிருந்தார்கள்.

"வாங்க அத்தான். பொட்டி முடிஞ்சுதா?"

"சுவர் நிறம் இன்னும் பொருந்தல."

"எனக்குத்தான் எலும்பே பொருந்தல. டாக்டர் வீட்டுக்குப் போன்னு சொல்லலையா?"

நான் கொண்டுபோன ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தேன். திரைக்குப் பின்னால் சக்கரம் வைத்த கட்டில் ஒன்றைத் தள்ளிக்கொண்டு இரண்டு ஆட்கள் வந்தார்கள். தலைவரைக்கும் துணி போர்த்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். வார்டில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சின்னவள் மட்டும் பேசினாள்.

"நல்ல பொம்பளை. நேத்து என்கிட்ட சீப்பு கேட்டா. நான் குடுக்கல."

"ஏன்?"

"திருப்பித் தரமாட்டான்னு தோணுச்சு. சரியாத்தான் தோணியிருக்கு."

சொல்லிவிட்டு அவள் அந்தச் சீப்பைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு காலிக் கட்டிலையே பார்த்தாள். நான் சுளை சுளையாகப் பிரித்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"அத்தான், உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. பெத்தவங்களுக்குத்தான் தெரியும். நான் இங்கயே போயிட்டா எல்லாருக்கும் சௌகரியம். அப்புறம் எனக்கும் ஒரு பொட்டி செய்ங்க. எனக்குக் கலரெல்லாம் பொருந்த வேணாம்."

ஆரஞ்சு கசந்தது. நான்தான் தின்றுகொண்டிருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். பழுப்பு விடாத கலவையைக் கலந்து, பெட்டியில் அடித்து, பொருந்திவிட்டது என்று சொல்லிவிடுவது. நாளைக்கு. நல்ல முடிவுகளை எல்லாம் நான் நாளைக்குத்தான் எடுப்பேன்.

தெரு முனையிலேயே வாடை வந்தது. ஈரப் பெயிண்ட் வாடை. யாரோ வீட்டில் வேலை நடக்கிறது என்று நினைத்தபடி வந்தேன். வாசலில் வாளியைப் பார்த்தேன். செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே ஓடினேன்.

அறையில் எங்கள் வீட்டுப் போர்வைகள் எல்லாவற்றையும் விரித்து மேசையையும் கட்டிலையும் நாற்காலியையும் மூடியிருந்தார்கள். ஏணி மேல் பெயிண்டர். கீழே கையில் என் பெட்டியோடு மனைவி. சுவரெல்லாம் ஒரே நிறம். சாக்கடைப் பக்கம் போய் நின்ற பச்சை.

"என்னடி பண்ணி வெச்சிருக்கே?"

"பொட்டியைச் சுவத்துக்குப் பொருத்த உங்களால முடியல. பாவமா இருந்துச்சு. சுவத்தைப் பொட்டிக்குப் பொருத்திட்டேன்."

"சாமானைத் தொடக்கூடாதுன்னு சொன்னேனே!"

"தொட்டது போர்வை. எல்லாம் வெச்ச இடத்துலயே இருக்கு. சட்டைகூட அதே ஆணியில. சுவர் சாமானா தம்பி?"

"சுவர் எப்படி அண்ணி சாமானாகும்? சுவர்லதான் சாமான் சாயும்," என்றான் ஏணி மேலிருந்து.

"துண்டைத் திருடியிருக்கே."

"டப்பாவைப் பெருக்கினேன்னு அன்னைக்கே சொன்னேனே."

பெட்டியை வாங்கிச் சுவரோடு வைத்துப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் வைத்தேன். நிழலில் வைத்தேன். மிஷின் என் பொய்யை ஒரு சொட்டுக்கூடப் பிசகாமல் கலந்திருந்தது.

"ஈரத்துல பார்க்கக்கூடாது. காயணும்," என்றேன்.

"அந்தச் சுவர் காலையிலயே அடிச்சது. தொட்டுப் பாருங்க."

தொட்டேன். காய்ந்திருந்தது.

"இது தப்பான நிறம்! நான் அடிச்சதே தப்பு!"

"அப்படியா? ஏன் தப்பாச்சு?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "எனக்கு ஒண்ணுதான் புரியல. ரூமோட பழைய சுவத்துல பழுப்பே இல்ல. அந்தப் பழுப்புக் குப்பி மட்டும் எப்படி அடிவரைக்கும் தீர்ந்துச்சு?"

ஆயுசு முழுக்க மருந்துக் குப்பியில் மட்டம் பார்த்தவன் நான். என் வீட்டில் யார் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைமாடு. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன்.

கட்டில் தலைமாட்டில், புதுப் பெயிண்டுக்கு நடுவில், கோடு போட்டு வெட்டியதுபோல் ஒரு சதுரம் விட்டிருந்தார்கள். உள்ளே பழைய சுவர். நடுவில் அந்தக் கறை. சுற்றிலும் ஒரு துளி தெறிக்கவில்லை.

அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நல்லவனாக இருந்தால் மூடியிருப்பேன். தோற்றுக்கொண்டிருக்கும் புருஷன் நல்லவனாக இருக்கமாட்டான்.

"பொருந்தல!" என்றேன். கறையைக் காட்டினேன். "பெட்டியில இந்த இடம் முழுசா ஒரே நிறம். இங்க அப்படி இல்ல. நாலு சுவரும் ஒரே நிறமா இருக்கணும். பேச்சுன்னா பேச்சு."

அவள் என்னைப் பார்த்தாள். அவள் கண் சிவந்துவிட்டது. அழப்போகிறாள், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

"தம்பி," என்றாள். "இவர் சொல்றது சரி. அந்த இடத்தையும் அடிச்சுடு."

"அண்ணி..."

"அடிப்பா. அவர் பேச்சு மாறமாட்டாரு."

பெயிண்டர் ஏணியிலிருந்து இறங்கினான். பிரஷை வாளியில் முக்கினான். ஓரத்தில் வழித்தான். அவனுக்கு மனசு வரவில்லை, ஆனால் கை எழுந்தது. கட்டில் ஓரமாகப் போய்க் குனிந்தான். பிரஷுக்கும் கறைக்கும் நடுவில் ஒரு சாண். அப்புறம் நாலு விரல்.

"நில்லுப்பா!"

நின்றான்.

"என்ன?" என்றாள் மனைவி.

"பொருந்திடுச்சு."

"எனக்குக் கேக்கல."

"பொருந்திடுச்சுடி. நாலு சுவரும் பொருந்திடுச்சு."

"தம்பி, நீயும் கேட்டியா?"

"தெருவுக்கே கேட்டுச்சு அண்ணி."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ கட்டிலுக்கு அந்தப் பக்கம் பிடிங்க. தலைமாட்டைத் திருப்பிப் போடணும். அவ அந்த இடத்துல சாயக்கூடாது."

பிடித்தேன். நாங்கள் இரண்டு பேரும் தூக்கித் திருப்பினோம். கறை இருந்த பக்கம் இப்போது கால்மாடு. கட்டிலுக்கும் அந்தச் சுவருக்கும் நடுவில் மனைவி ஒரு நாற்காலியைப் போட்டாள். யாரும் உட்காராத நாற்காலி.

சின்னவளைக் கூட்டி வந்தோம். வேனிலிருந்து இறக்கி, பெயிண்டரும் நானும் தூக்கிக்கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் மூச்சு வாங்கி, கண்ணைத் திறந்து, ஒவ்வொரு சுவராகப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் இருந்த சதுரத்தைப் பார்த்தாள். என் கையை ஒருமுறை அழுத்தினாள்.

அப்புறம் மெதுவாக அக்கா பக்கம் திரும்பினாள்.

"ஏன்க்கா, இவ்வளவு நாள் உக்காந்து சொட்டு சொட்டா எண்ணி அத்தான் கலந்த கலர் இதுதானா?"